தென்னிந்தியாவின் கடின உண்ணிகள்: எந்த விலங்கில் எது, எந்த நிலத்தில் எது?

பட்டிக்களம்

ஈரோட்டுச் சமவெளியிலிருந்து சத்தியமங்கலம் காடு, நீலகிரிச் சரிவு வரை மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நாய் ஆகியவற்றில் கடின உண்ணிகளைச் சேகரித்து, எந்த இனம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலையைத் தொடங்குகிறோம். பழைய பட்டியல்களில் பல இனங்களுக்கு நேரே 'மாடு, எருமை, ஆடு, நாய், மனிதர்' என்று ஒரே வரிசைதான் இருக்கிறது. எல்லாம் எல்லாவற்றிலும் இருக்குமானால் ஓம்புயிரியை (உண்ணி ஏறி இரத்தம் குடிக்கும் விலங்கை) வைத்துப் பரவலைப் பிரிக்கவே முடியாதே? மாடு இருக்கும் இடமெல்லாம் மாட்டு உண்ணி என்று வரைந்துவிடலாமா? களத்தில் என்னென்ன குறிக்க வேண்டும், எதை விட்டால் பிறகு சரிசெய்ய முடியாது என்று சொன்னால் படிவத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம்.

உண்ணியியல்

பழைய பட்டியல்களில் ஒரு நிரல் இல்லை. அந்த விலங்கில் எடுத்தது லார்வாவா, நிம்ஃபா, முதிர் உண்ணியா என்ற நிரல். அது இல்லாத பட்டியலை வைத்து வரைபடம் போடாதீர்கள்.

கடின உண்ணிக்கு முட்டையை விட்டு வந்தபின் மூன்று பருவம்: ஆறு கால் லார்வா, எட்டுக் கால் நிம்ஃப், முதிர் உண்ணி. லார்வாவும் நிம்ஃபும் பருவத்துக்கு ஒரு முறைதான் வயிறு முட்டக் குடிக்கும். பெண் உண்ணியும் ஒரே முறைதான். குடித்து, விழுந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். இந்த மூன்று வேளையும் ஒரே விலங்கில் முடிகிறதா, இரண்டிலா, மூன்றிலா என்று பாருங்கள். அந்த உண்ணி எவ்வளவு தூரம் போகும், எந்த நிலத்தில் நிலைக்கும் என்பதில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கியிருக்கிறது.

மாட்டு உண்ணி, அதாவது ரைபிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ், ஒற்றை ஓம்புயிரி உண்ணி. லார்வாவாக மாட்டில் ஏறினால் அங்கேயே இரண்டு முறை தோலுரித்து, புணர்ந்து, ஏறக்குறைய 21 நாள் கழித்துப் பெண் மட்டும் குடித்து விழும். விழுந்த பெண் 2,000 முதல் 3,000 முட்டை வரை இடும். அதனால் சந்தைக்குப் போகும் மாட்டோடு மூன்று வாரப் பயணம் போக அதனால் முடியும். லாரி எங்கே போகிறதோ அங்கே உண்ணியும் போகும்.

ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா மூன்று ஓம்புயிரி உண்ணி. லார்வாவும் நிம்ஃபும் காட்டெலி, அணில், மூஞ்சூறு, காட்டுக்கோழி போன்ற தரைப்பறவைகள், குரங்கு ஆகியவற்றில் இருக்கும். முதிர் உண்ணி கடமான், காட்டுமாடு, மேய வரும் வீட்டு மாடு, எருமை ஆகியவற்றுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் சில நாளில் குடித்துவிட்டுத் தரையில் விழுந்துதான் தோலுரிக்கும். மாட்டோடு சமவெளிக்கு வந்தாலும் அங்கே அதன் குஞ்சுப் பருவங்களுக்கு விலங்கும் இல்லை, ஈரச் சருகும் இல்லை. இந்த இரண்டு உண்ணிகளையும் உங்கள் பட்டியல் ஒரே சொல்லில் 'மாடு' என்று எழுதிவைத்திருக்கிறது.

கொட்டில்வாசல்

நடைமுறையில் பார்த்தால் சமவெளிக் கறவை மாட்டில் பெரும்பாலும் மைக்ரோப்ளஸ்தான் வருகிறது. அதற்காகவாவது 'மாடு உள்ள இடம் = மாட்டு உண்ணி' என்று வைக்கக்கூடாதா? கலப்பின ஜெர்சி, ஹோல்ஸ்டீன் மாடுகளில் மொய்த்துக் கிடக்கும். பக்கத்திலேயே நிற்கும் காங்கேயத்தில் கொஞ்சம்தான் இருக்கும். இனத்தைப் பொறுத்துத்தான் கூடும் குறையும் என்பது என் கருத்து.

உண்ணியியல்

மாட்டின் இனம் எண்ணிக்கையை மாற்றும் என்பது உண்மை. திமில் உள்ள நாட்டு இனங்களின் தோல் எதிர்வினை வலுவானது, நக்கியும் உதிர்த்துவிடும். ஏறும் லார்வாக்களில் சிறு பங்குதான் முதிர்ச்சி அடையும். ஆனால் எண்ணிக்கை வேறு, பரவல் வேறு.

மாடு உள்ள எல்லா இடத்திலும் மைக்ரோப்ளஸ் நிலைக்காததற்கு ஈரம் ஒரு காரணம். லார்வா புல் நுனியில் கூட்டமாகத் தொங்கி, மாடு உரசும்வரை காத்திருக்கும். வெயிலில் நீர் இழந்தால் அடிப்புல்லுக்கு இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஏறும். அடிப்புல்லில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழேயே நாள்கணக்கில் கிடந்தால் இந்த ஏற்ற இறக்கம் பயனில்லாமல் போய் லார்வா காய்ந்துவிடும். அதனால்தான் ராஜஸ்தான், ஹரியானா பக்க வறண்ட நிலத்தில் மாட்டில் முதலிடம் ஹையலோமா அனடோலிகத்துக்கு. குளிர் இன்னொரு எல்லை. உயரம் கூடக்கூட முட்டை பொரிக்கும் காலம் நீண்டு, ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்பது குறைந்துகொண்டே போகும். நீலகிரிச் சரிவில் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இந்த மாற்றம் உங்கள் எண்ணிக்கையிலேயே தெரியும்.

இன்னொன்று: மேற்கே கேரளத்துக்குள் போனால் மாட்டில் ரைபிசெஃபாலஸ் அனுலேட்டஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது. கண்ணுக்கு மைக்ரோப்ளஸ் போலவே இருக்கும், அதுவும் ஒற்றை ஓம்புயிரி உண்ணிதான். ஆண் உண்ணியைப் பார்த்தால்தான் எளிதாகப் பிரியும்: மைக்ரோப்ளஸ் ஆணின் பின்முனையில் சிறு வால் நீட்சி இருக்கும், அனுலேட்டஸ் ஆணில் இருக்காது. குடித்துப் பருத்த பெண்களை மட்டும் பொறுக்கிவந்தால் உங்கள் பாலக்காட்டு எல்லை முழுவதும் தவறாகிவிடும்.

வறள்புலம்

ஹையலோமா பற்றிக் கொஞ்சம். மற்ற உண்ணிகள் செடியில் ஏறிக் காத்திருக்கும். ஹையலோமா முதிர் உண்ணி தரையில் மறைந்திருந்து, விலங்கு வரும் அதிர்வையும் மூச்சின் வாடையையும் உணர்ந்ததும் ஓடி வரும். கண் இருப்பதால் உருவத்தையும் தொடரும். நிழலில்லாத வெட்டவெளியில் வாழ இது போதும்.

அனடோலிகம் கொட்டிலுக்குப் பழகிய இனம். லார்வா, நிம்ஃப், முதிர் உண்ணி மூன்றுமே மாட்டில் குடிக்கலாம். நடுவில் கொட்டில் சுவர் விரிசலில், தீவனத் தொட்டிக்கு அடியில் தோலுரிக்கும். மாட்டின் மேல் மட்டும் மருந்தடித்தால் அடுத்த வாரமே மறுபடி ஏறுவது இதனால்தான். குறுக்குக் கலப்பின மாடுகளைக் கொல்லும் தைலேரியா அனுலேட்டா என்ற இரத்த ஒட்டுண்ணி இதன் வழியாகத்தான் பரவுகிறது. 2011 ஜனவரியில் குஜராத்தில் உறுதியான கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலும் ஹையலோமாவோடு சேர்ந்த நோய்.

தெற்கே, இலங்கை வரை, ஹையலோமா ஐசாக்கி இருக்கிறது. முதிர் உண்ணி மாடு, செம்மறி, வெள்ளாடு. இளம் பருவங்கள் முயலிலும் தரையில் இரை தேடும் பறவைகளிலும். மேய்ச்சலே இல்லாமல் கட்டிப்போட்ட மாட்டில் இதைத் தேடிப் பயனில்லை. மானாவாரிப் புஞ்சையிலும் முள்காட்டிலும் மேயும் செம்மறி மந்தையில் வாலடியையும் தொடையிடுக்கையும் பாருங்கள். ஒட்டகத்துக்கென்று உள்ள ஹையலோமா ட்ரோமெடரியை ராஜஸ்தான், குஜராத் ஒட்டகங்களில் காணலாம்.

பட்டிக்களம்

அப்படியானால் எங்கள் பகுதிக்கு ஆடுகளில் எதை எதிர்பார்க்கலாம்?

உண்ணியியல்

செம்மறி, வெள்ளாட்டில் காதும் கழுத்தும் முதலில். அங்கே ஹீமாஃபைசாலிஸ் இன்டர்மீடியா, ஹீமாஃபைசாலிஸ் பைஸ்பினோசா இரண்டும் வரும். இன்டர்மீடியா வறண்ட புதர்க்காட்டு இனம், இந்தியத் துணைக்கண்டமும் இலங்கையும்தான் அதன் நிலம். 1954இல் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆடுகளிலிருந்து எடுத்த இதே இன்டர்மீடியாவில்தான் பாஞ்சா வைரஸ் முதலில் கிடைத்தது. பைஸ்பினோசா ஈரமான பக்கத்தில் கூடுதல். மாடு, ஆடு, நாய், முயல் என்று ஓம்புயிரியில் அதிகம் தேர்வு பார்க்காது.

ரைபிசெஃபாலஸ் ஹீமாஃபைசலாய்டிஸ் கிடைத்தால் தனியாகக் குறியுங்கள். முதிர் உண்ணி மாடு, எருமை, ஆடு, நாய், காட்டுப்பன்றி எல்லாவற்றிலும் இருக்கும். லார்வாவும் நிம்ஃபும் எலி, மூஞ்சூறில். ஆட்டில் இதன் முதிர் உண்ணியைப் பார்த்தால் பக்கத்தில் வரப்பெலியோ காட்டெலியோ தாராளமாக இருக்கிறது என்று பொருள். எருமையில் நோசோமா மான்ஸ்ட்ரோசம் தேடுங்கள். அதற்கும் இளம் பருவம் எலிகளில்தான்.

இந்தியாவில் கடின உண்ணிப் பேரினங்களில் இனங்கள் மிக அதிகம் உள்ளது ஹீமாஃபைசாலிஸ். அதனால் 'ஹீமாஃபைசாலிஸ், மாடு' என்று நிறுத்திய பதிவால் யாருக்கும் பயனில்லை.

மலைச்சாரல்

ஸ்பினிஜெராவை மேலே தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஓம்புயிரியைப் பருவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

1957இல் அன்றைய ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, காட்டுக்குப் போன மக்களுக்குக் காய்ச்சல் வந்தது. இதுதான் கியாசனூர் காட்டு நோய், பேச்சில் குரங்குக் காய்ச்சல். புணேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டெல்ஃபோர்டு வொர்க், ஹெரால்ட் ட்ராபிடோ குழுவினர் வைரஸைப் பிரித்தெடுத்து, கடத்துவது ஹீமாஃபைசாலிஸ் உண்ணி, அதிலும் முதன்மையாக ஸ்பினிஜெரா என்று காட்டினார்கள். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1964இல் ஹீமாஃபைசாலிஸ் கியாசனூரென்சிஸ் என்ற புதிய இனமே விவரிக்கப்பட்டது.

இதில் ஒவ்வொரு விலங்கின் பங்கும் வேறு. நாட்டுக்குரங்கும் அனுமன் மந்தியும் நோய்வாய்ப்பட்டு, இரத்தத்தில் வைரஸ் பெருகிய நிலையில் மரத்திலிருந்து விழும். அவற்றில் குடித்த லார்வாக்கள் அந்தப் பிணத்தைச் சுற்றியே உதிரும்; நிம்ஃபாக மாறியதும் அந்த ஓரிடம் ஆபத்தான திட்டாகிவிடும். சிறு பாலூட்டிகள் வைரஸையும் உண்ணியையும் ஆண்டு முழுக்கத் தாங்கி நிற்கும். வீட்டு மாட்டின் இரத்தத்தில் உண்ணிக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் பெருகாது. ஆனால் முதிர் ஸ்பினிஜெராவுக்கு வயிறு நிறைய இரத்தம் கொடுத்து அடுத்த தலைமுறை முட்டைகளை உண்டாக்குவது மாடுதான். காட்டோரத்தில் மாட்டுமேய்ச்சல் கூடினால், நோயைப் பெருக்காத ஒரு விலங்கே நோயின் நிலத்தை விரிவாக்குகிறது. 'ஓம்புயிரி: மாடு, குரங்கு, எலி' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இது ஒருபோதும் புலப்படாது.

பருவகாலமும் முக்கியம். முதிர் உண்ணி மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகம். மழை ஓயும்போது லார்வா. நவம்பரிலிருந்து மே வரை நிம்ஃப், அதன் உச்சம் குளிர்மாதங்களில். மனிதரைக் கடித்து நோய் தருவது பெரும்பாலும் நிம்ஃப் என்பதால் மனித நோயும் டிசம்பர் முதல் மே வரைதான். மழையில் மட்டும் சேகரித்தால் 'இங்கே நிம்ஃப் இல்லை' என்று எழுதிவிடுவீர்கள்.

பல ஆண்டுகள் ஷிமோகாவையும் அண்டை மாவட்டங்களையும் சுற்றியே இருந்த நோய் 2012க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, நீலகிரி சேரும் பகுதியிலும், 2015இல் கோவாவின் சத்தரி வட்டத்திலும், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் தெரியவந்தது. ஸ்பினிஜெரா அங்கெல்லாம் முன்பே இருந்த உண்ணிதான். உண்ணியின் வரைபடமும் நோயின் வரைபடமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டாதீர்கள்.

மாதோட்டம்

இலங்கையில் இருந்து ஒரு சேர்ப்பு. இங்கே உலர் வலயத்துக்கும் மலையகத்துக்கும் இடையிலே உண்ணி நன்றாகவே மாறும். மாட்டில் மைக்ரோப்ளஸ், ஆட்டில் இன்டர்மீடியா, பைஸ்பினோசா, எருமையில் நோசோமா, இதெல்லாம் தென்னிந்தியா போலத்தான். காட்டுப்பன்றி உலாவுகிற பகுதிகளில் டெர்மசென்டர் ஔராட்டஸைக் கவனியுங்கள். முதிர் உண்ணி பன்றியில் இருக்க, நிம்ஃப் மனிதர் காதுக்குள்ளே ஏறிக் கடித்தபடி இருக்கும். காது நோவென்று வருகிறவர்களிடம் இதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் கிள்ளி எடுக்கப் பார்த்தால் வாய்ப்பகுதி முறிந்து உள்ளே தங்கும். காது மூக்கு தொண்டை வைத்தியர்தான் எடுக்க வேணும்.

ஊர்வனவற்றையும் விட்டுவிடாதீர்கள். உடும்பிலும் பாம்பிலும் ஆம்ப்ளியோமா ஜெர்வேசி, கட்டாமையில் ஆம்ப்ளியோமா கிளைபியோலேட்டம். அழுங்கில் ஆம்ப்ளியோமா ஜாவனென்ஸ், அது தென்கிழக்காசியா வரைக்கும் அழுங்கு இருக்கும் இடமெல்லாம் தொடரும். விலங்குக் கடத்தலில் பிடிபடும் ஆமை, அழுங்கோடு இவையும் நாடு தாண்டுகின்றன. அப்படிப் பிடிபட்ட விலங்கில் எடுத்த உண்ணிக்குப் பிடித்த ஊரைப் பரவல் புள்ளியாகப் போடுவது பெரிய பிழை.

பட்டிக்களம்

நன்றி ஐயா. காட்டு விலங்கைத் தொட வன இலாகா அனுமதி வேண்டும் என்பது தெரியும். சாலையில் அடிபட்டுக் கிடப்பதற்குமா?

மலைச்சாரல்

ஆம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கின் உடலையும் அனுமதியில்லாமல் கையாளக்கூடாது. இறந்த குரங்கென்றால் அனுமதி இருந்தாலும் அருகே போக வேண்டாம். வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லிவிட்டு விலகியிருங்கள்.

கொட்டில்வாசல்

நாய் உண்ணியை யாரும் பேசவில்லையே. அதுவும் மூன்று ஓம்புயிரி உண்ணிதானே, அது மட்டும் எப்படி உலகம் முழுக்க?

உண்ணியியல்

ரைபிசெஃபாலஸ் சாங்குவினியஸுக்கு மூன்று ஓம்புயிரி தேவை என்றாலும் மூன்றுமே நாயாக இருக்கலாம், ஒரே நாயாகவும் இருக்கலாம். விழுந்தபின் அது நாடுவது காட்டுச் சருகை அல்ல. சுவர் விரிசல், கதவு நிலை, கூரை இடுக்கு. குடித்த பெண் சுவரில் ஏறிப் போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வறட்சியை மற்ற உண்ணிகளைவிடத் தாங்கும். வீட்டுக்குள் வாழ்வதால் வெளித் தட்பவெப்பம் அதைக் கட்டுப்படுத்துவது குறைவு.

ஆனால் இப்போது 'சாங்குவினியஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள். மரபணு ஆய்வில் வெப்பமண்டலக் கிளை, மிதவெப்பக் கிளை என்று பிரிந்திருக்கிறது. வெப்பமண்டலக் கிளைக்கு இப்போது ரைபிசெஃபாலஸ் லின்னேய் என்ற பெயரை ஆள்கிறார்கள். நாயின் எர்லிகியா கேனிஸ் நோயைத் திறமாகக் கடத்துவது வெப்பமண்டலக் கிளைதான். உங்கள் மாதிரியை 'சாங்குவினியஸ் குழு' என்று எழுதி, ஒரு காலை எத்தனாலில் தனியாக வைத்துவிட்டால் பிறகு டி.என்.ஏ. பார்த்து உறுதி செய்யலாம்.

ஆய்வுமேசை

பலர் வேலை கெடுவது சேகரிப்பில்தான். அதைக் கறாராக எழுதுகிறேன்.

விலங்கில் எடுப்பது: நுனி மெலிந்த இடுக்கியால் உண்ணியின் வாயருகே, தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்தால் வாய்ப்பகுதி தோலில் நின்றுவிடும். வாய்ப்பகுதி இல்லாத உண்ணியை இனம் காண முடியாது. மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது. பெரியதை எடுத்ததும் நிறுத்தாமல் அதன் அருகே ஒட்டியிருக்கும் சிறிய, தட்டையான ஆண்களைத் தேடுங்கள். இனம் சொல்வது பெரும்பாலும் அவைதான். மாட்டில் காது, தாடை, அலைதாடி, மடி, உள்தொடை, வாலடி என்று அதே வரிசையில், ஒவ்வொரு மாட்டுக்கும் அதே நேரம் தேடுங்கள். இல்லையென்றால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

ஒரு விலங்குக்கு ஒரு குப்பி. இரண்டு விலங்கை ஒன்றாகக் கொட்டினால் ஓம்புயிரிப் பதிவே போய்விட்டது. வடிவம் மட்டும் பார்ப்பதற்கு 70 விழுக்காடு எத்தனால், டி.என்.ஏ.வுக்கு 95 அல்லது அதற்கு மேல். ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ. கெடும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். சீட்டில் தேதி, விலங்கு, வயது, உடலிடம், ஊர், ஜி.பி.எஸ்., உயரம், மேய்ச்சல் முறை. கடைசியாக ஒரு கேள்வி: இந்த விலங்கு இங்கேயே இருந்ததா, கடந்த ஒரு மாதத்துக்குள் வாங்கி வந்ததா? ஒற்றை ஓம்புயிரி உண்ணியில் இந்தக் கேள்வி இல்லாத பதிவு வரைபடத்தில் போலிப் புள்ளியாகும்.

நிலத்தில் எடுப்பது: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளைப் பிளானல் துணி, முன்விளிம்பில் கம்பு, பின்விளிம்பில் சிறு எடை. மெதுவாக இழுத்து, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நின்று இரு பக்கமும் பாருங்கள். தள்ளிப்போட்டால் பிடித்தவை உதிர்ந்துவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்குங்கள், நனைந்த துணியில் ஒட்டாது. உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த இடத்தில் துணியை இழுக்க முடியாது, கொடி போலப் பிடித்து மேலே வீசி எடுங்கள். லார்வாக் கூட்டத்தை ஒட்டுநாடாவால் எடுப்பதே எளிது.

துணியில் கிடைக்காதது இல்லாதது ஆகாது. மைக்ரோப்ளஸில் லார்வா மட்டும்தான் துணிக்கு வரும், நிம்ஃபும் முதிர் உண்ணியும் மாட்டிலேயே இருப்பவை, குடித்த பெண் முட்டையிட விழுவது மட்டும் விலக்கு. ஓடிவரும் ஹையலோமாவுக்கு உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்த பொறி வேண்டும்: வெள்ளைத் துணி நடுவில் துளையிட்ட பெட்டி, அதில் அரை முதல் ஒரு கிலோ உலர்பனி. வளைக்குள் வாழும் இக்சோடிஸ் சிலோனென்சிஸ் போன்றவை எலி, மூஞ்சூறு பிடித்தால்தான் தெரியும்.

நீலகிரி, வயநாட்டுப் பக்கம் போனால் கையுறை, காற்சட்டைக்கு மேலே ஏற்றிய காலுறை, டி.இ.பி.ஏ. விரட்டி எண்ணெய். உண்ணியை விரலால் நசுக்கவே கூடாது.

பட்டிக்களம்

பேரின அளவில் களத்திலேயே பிரிக்க வழி உண்டா? எங்களிடம் 20 மடங்கு கைலென்ஸும் ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கியும் உண்டு.

ஆய்வுமேசை

உண்டு. வாய்ப்பகுதி மேலிருந்து பார்த்தாலே முன்னால் நீட்டித் தெரிந்தால் கடின உண்ணி. முதுகுத் தகடும் இருக்கும், ஆணில் முதுகு முழுக்க, பெண்ணில் முன்பகுதியில் மட்டும். பிறகு கீழ்ப்பக்கம் திருப்புங்கள். மலத்துளைக்கு முன்னால் வளைந்து போகும் பள்ளம் இருந்தால் இக்சோடிஸ், அங்கேயே முடிந்தது. மற்ற எல்லாவற்றிலும் அது பின்னால் இருக்கும் அல்லது தெளிவாக இருக்காது.

கண் இல்லை, வாயருகே உள்ள உணர்கொம்பின் இரண்டாம் துண்டு பக்கவாட்டில் கூராகத் துருத்துகிறது என்றால் ஹீமாஃபைசாலிஸ். உணர்கொம்பு நீளம், கண் பிதுங்கித் தெரிகிறது, காலில் வெளிர் பட்டைகள் என்றால் ஹையலோமா. உணர்கொம்பு நீளம், தகட்டில் பெரும்பாலும் நிறக்கோலம், காட்டு விலங்கு அல்லது ஊர்வன என்றால் ஆம்ப்ளியோமா. உணர்கொம்பு குட்டை, தலையடி (வாய்ப்பகுதி பொருந்தியிருக்கும் அடித்தகடு) அறுகோணம் என்றால் ரைபிசெஃபாலஸ். அதிலும் பின்விளிம்பு மடிப்புகள் இல்லாமல் உணர்கொம்பு மிகக் குட்டையாக இருந்தால் மைக்ரோப்ளஸ், அனுலேட்டஸ் பக்கம். குட்டை உணர்கொம்பு, செவ்வகத் தலையடி, வெள்ளிக் கோலம் என்றால் டெர்மசென்டர். இனம் வரை போவதை நுண்ணோக்கியோடு இனங்காணும் அட்டவணையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

தூரதேசம்

உலகப் பரவலிலும் இதே கணக்கு எடுபடுகிறது. ஒற்றை ஓம்புயிரி மாட்டு உண்ணிகள் கப்பலிலும் லாரியிலும் போயின. 1872இல் ஜாவாவிலிருந்து டார்வினுக்குப் போன மாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. அங்குள்ளதை 2012 முதல் ரைபிசெஃபாலஸ் ஆஸ்திராலிஸ் என்று தனி இனமாக வைக்கிறார்கள். 2000களில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், பெனின் நாடுகளில் மைக்ரோப்ளஸ் வெளிப்பட்டது, பிரேசில் மாடுகளின் இறக்குமதியோடு.

டெக்சாஸ் கதை நமக்கு நெருக்கமானது. அமெரிக்கா 1906இல் மாட்டு உண்ணி ஒழிப்பைத் தொடங்கி 1943இல் முடிந்ததாக அறிவித்தது. ரியோ கிராண்டே ஆற்றோரக் காப்புப் பட்டை மட்டும் மிஞ்சியது. மாட்டை மருந்தில் முக்கி எடுப்பதோ மேய்ச்சலை நிறுத்துவதோ ஒற்றை ஓம்புயிரி உண்ணிக்குச் சரியான அடி. ஆனால் அங்கே வேட்டைக்காகக் கொண்டுவந்து பெருகிய நீல்காய் மானும் உள்ளூர் வெண்வால் மானும் இந்த உண்ணியைத் தாங்குகின்றன. நீல்காய் இந்தியாவிலிருந்து போனது, உண்ணியின் பூர்விகமும் ஆசியா. மாட்டை மட்டும் ஓம்புயிரி என்று எடுத்துக்கொண்ட திட்டத்தை இரண்டு மான்கள் இன்றும் சோதிக்கின்றன.

மூன்று ஓம்புயிரி உண்ணி தூரம் போவது அரிது, ஆனால் நடக்கிறது. ஹீமாஃபைசாலிஸ் லாங்கிகார்னிஸ் கிழக்காசியப் பூர்விகம். 2017இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு செம்மறியில் கண்டறிந்தார்கள், பிறகு பல மாநிலங்களில். அதன் சில குலங்களில் பெண் ஆண் இல்லாமலே முட்டையிடும். ஒரே ஒரு பெண் போதும் என்பதால் மற்ற மூன்று ஓம்புயிரி உண்ணிகளுக்கு உள்ள தடை இதற்கு இல்லை. ஓம்புயிரிப் பிணைப்பின் மறுமுனை இக்சோடிஸ் யூரியே: இரு துருவப் பக்கங்களிலும் கடற்பறவைக் குடியிருப்புகளில், தெற்கே பென்குயினில்.

கொட்டில்வாசல்

வரைபடம் போடும்போது விவசாயி கேட்பது மருந்து. அதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்ல முடியுமா?

உண்ணியியல்

முடியும். டெல்டாமெத்ரின் 1.25 விழுக்காட்டு மருந்தை லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு). அமிட்ராஸ் 12.5 விழுக்காட்டை லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால் 250 பி.பி.எம். வளர்ந்த மாட்டுக்கு 3 முதல் 5 லிட்டர் கரைசல் வேண்டும், காதுக்குள்ளும் வாலடியிலும் மடியிடுக்கிலும் நனைய வேண்டும். அரை லிட்டரை முதுகில் தூவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பதும், அளவைக் குறைப்பதும்தான் எதிர்ப்புத்திறன் வளர வழி. அமிட்ராஸைக் குதிரைக்கு அடிக்காதீர்கள். எந்த மருந்தானாலும் பாலுக்கான விலக்குக் காலத்தைச் சீட்டில் பாருங்கள்.

மைக்ரோப்ளஸ் என்றால் மூன்று வாரத்துக்குள் அடுத்த அடி; அப்போதுதான் புதிதாக ஏறியவை முட்டையிட விழுவதற்கு முன் சாகும். அனடோலிகமும் நாய் உண்ணியும் என்றால் விலங்கைவிடச் சுவர் விரிசலை அடைத்துப் பூசுவதும் அங்கே மருந்தடிப்பதும் முக்கியம். ஸ்பினிஜெரா காட்டிலேயே இருக்கிறது, மாட்டில் அடிப்பது முதிர் உண்ணியை மட்டும் குறைக்கும். அது ஜூன் முதல் செப்டம்பர் வரை பலன் தரும், ஜனவரியில் அடித்துப் பயனில்லை.

பட்டிக்களம்

இரண்டு ஐயம். ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் இருக்கும் ஊர்களையும் நம் வரைபடத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? பட்டியில் நிம்ஃப் மட்டும் கிடைத்தால் எப்படி இனம் சொல்வது?

ஆய்வுமேசை

முதலாவது: சேர்க்காதீர்கள். ஸ்க்ரப் டைஃபஸைக் கடத்துவது லெப்டோட்ராம்பிடியம் என்ற சிறு செள்ளின் லார்வா. கடின உண்ணிக்கு அதில் பங்கில்லை. ஒரே படத்தில் போட்டால் படிப்பவர் தவறான உயிரியைத் தேடுவார்.

இரண்டாவது: குடித்து நிறைந்த நிம்ஃபை எத்தனாலில் போடாமல் உயிரோடு வையுங்கள். அடைப்பு ஈரப்பெட்டியில் பொட்டாசியம் குளோரைடு நிறைசெறிவுக் கரைசல் வைத்தால் உள்ளே ஈரம் ஏறக்குறைய 85 விழுக்காடு நிற்கும். வெப்பம் 27, 28 டிகிரி. வாய்க்கு மெல்லிய துணி கட்டிய குப்பியில் நிம்ஃபைப் போட்டு, குப்பி கரைசலில் படாதபடி தட்டின் மேல் வையுங்கள். துணியை நேராக நனைத்தால் பூசணம் பிடித்துச் சாகும். இரண்டு மூன்று வாரத்தில் தோலுரித்து முதிர் உண்ணியாக வரும், அதை இனம் காணலாம். உரித்த தோலையும் அதே சீட்டோடு எத்தனாலில் சேர்த்து வையுங்கள். நிம்ஃபின் அடையாளம் அதில்தான் இருக்கும். ஆனால் குரங்குக் காய்ச்சல் பகுதியில் எடுத்த நிம்ஃபை இப்படிச் சாதாரண அறையில் வளர்க்கக்கூடாது, அதை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.